ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது ஏன்? கால் நோவுகளின் காரணங்கள், எளிமையாக

போன காப்பிப் பறிப்பின்போது ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். வயது 55 இருக்கும். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். "ஏறும்போது ஒண்ணும் தெரியலை கண்ணு. எறங்குறப்பத்தான் முட்டி கழண்டு உழுந்துரும் போல இருக்குது" என்றார்.

நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இதே பேச்சை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். சொல்லி முடித்த கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "இது தேய்மானமா, ஜவ்வா? என்ன மாத்திரை போடணும்?" நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்தக் கால் இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தது என்று நாமும் கேட்பதில்லை, பல சமயம் வைத்தியம் பார்ப்பவர்களும் கேட்பதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. காரணம் தெரியாமல் போடுகிற மாத்திரை வலியை நாலு நாள் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் முட்டியிலிருந்தே ஆரம்பிப்போம்.

தண்ணீர் நிறைந்த குடத்தைக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைச் சட்டென்று விட்டால் குடம் தடாலென்று விழுந்து உடையும். பிடித்துப் பிடித்துத்தான் விட வேண்டும். மலையிறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை இந்த வேலையைத்தான் செய்கிறது. ஏறும்போது அது சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே, அதே நேரத்தில் உடம்பு விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசைக்கு இது கடினமான வேலை. முதல் தடவை மலையிறங்கியவருக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை கடுப்பது இதனால்தான்.

இந்தக் கயிற்றுக்கு ஒரு ராட்டினம் இருக்கிறது. அதுதான் முட்டிச் சில்லு. தொடைத் தசையின் நாண் சில்லைத் தாண்டிப்போய்க் கீழ்க்கால் எலும்பில் பிடிக்கிறது. முட்டி மடங்க மடங்க, கயிறு ராட்டினத்தை அழுத்துவதுபோல நாண் சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. சமதரையில் நடக்கும்போதே முட்டி மூட்டின் மேல் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. படியில் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் மட்டும் சுமார் 3 மடங்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும்போது 7 மடங்கு வரை போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 7 மடங்கு என்றால் 420 கிலோ. அந்த அம்மா இதெல்லாம் போதாதென்று சாயங்காலம் எடை போடும் இடத்துக்குப் பழ மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

கயிறு எப்படியெல்லாம் அறும்? ஒரே இழுப்பில் படீரென்று அறும். உரசி உரசி, நாள் பட நூல் நூலாகவும் அறும். மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கிப்போனால், சும்மா தொட்டாலே அறும். இடுப்பு மூட்டிலிருந்து கால் விரல்வரை வருகிற நோவும் முறிவும் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில் ஒன்றில்தான் வருகின்றன. இரண்டு வழிகள் சேர்ந்துகொள்வதும் சாதாரணம்.

தேய்மானம் என்ற சொல்

முதலில் இந்தச் சொல்லைப் பார்ப்போம், ஏனென்றால் இது நிறையப் பேரை முடக்கிப்போட்டிருக்கிறது. எலும்புகள் சந்திக்கிற முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். முட்டியில் அது சில மில்லிமீட்டர் கனம்தான். அது மெலிந்து, வெடித்து, அடியிலிருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் சேர்ந்து மாறுவதைத்தான் தேய்மானம் என்கிறோம். சொல்லைக் கேட்டதும் செருப்பு தேய்வது நினைவுக்கு வரும். நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அப்புறம் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பு நீரிலிருந்துதான். பாரம் விழும்போது பஞ்சுபோல் பிழியப்படுகிறது, பாரம் நீங்கும்போது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது அசைவுதான் அதற்குச் சோறு. அசையாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. அதோடு, தாங்கிப் பிடிக்க வேண்டிய தொடைத் தசையும் இளைத்துப்போகும்.

சரி, அப்படியானால் எதனால் கெடுகிறது? வயது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே என்றால் எல்லாத் தாத்தா பாட்டிகளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உடல் எடை பெரிய காரணம். முட்டி நோவுள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் 4 கிலோ பாரம் குறைவது தெரிந்தது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், இந்த 4 கிலோவின் அருமை புரியும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகம் வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு கூடுகிறது. இளவயதில் ஜவ்வு கிழிந்தவர்களுக்கும் முட்டிக்குள் எலும்பு முறிந்தவர்களுக்கும் சீக்கிரமே வருகிறது. கால் வில்போல வளைந்திருந்தால் பாரமெல்லாம் முட்டியின் உள்பக்கத்திலேயே இறங்கி, அந்தப் பாதி மட்டும் முதலில் கெடும்.

தொழிலும் ஒரு காரணம். சேலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள் காலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் எழுகிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் வலது கையைத் தரையில் ஊன்றுவார். இடது முட்டியை மெல்ல நீட்டி, தொடையை நாலு தடவை தட்டுவார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஐந்தாறு அடி கோணல் மாணலாக நடந்த பிறகுதான் நிமிர்வார். 30 வருஷத்து வேலை அந்த அரை நிமிஷத்தில் தெரியும். சம்மணமிட்டுச் சாப்பிடுவதால் யாருக்கும் முட்டி கெடுவதில்லை, அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகக் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் வேலை செய்வது, அந்த நிலையிலிருந்தே பாரத்தைத் தூக்கி எழுவது, இவைதான் ஆபத்தைக் கூட்டுகின்றன.

இதே உட்காரும் முறையால் வேறொன்றும் வரும். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், விரலால் தொட்டால் ஒரு சின்ன எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு வளைந்து போகிறது. பாதத்தை மேலே தூக்குகிற தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு அது. நேரம் காலம் தெரியாமல் குந்தியோ கால்மேல் கால் மடக்கியோ இருந்தால் அது நசுங்கி, எழுந்து நடக்கும்போது முன்பாதம் தொங்கித் தரையில் தட்டும். பக்கவாதமோ என்று வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். நசுங்கியது லேசாக இருந்தால் சில வாரங்களில் மீண்டுவிடும். ஆனாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், நாமாக முடிவு கட்டக் கூடாது.

எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் மூட்டு இடைவெளி மோசமாகக் குறைந்திருக்கும், ஆள் கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். படம் சுத்தமாக இருக்கும், ஆள் படியிறங்க முடியாமல் அழுவார். படம் எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது.

ஜவ்வு கிழிவது

ஜவ்வு என்று நம் ஊரில் சொல்வது முட்டிக்குள் இருக்கும் இரண்டு வேறு பொருள்களுக்குப் பொதுப்பெயர். ஒன்று, எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டும் நார். இன்னொன்று, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறைபோல இருக்கும் இரண்டு மெத்தைகள். அதிர்ச்சி தாங்குவதும் பாரத்தைப் பரப்பிவிடுவதும் மெத்தையின் வேலை.

கபடி ஆட்டத்தில் நார் எப்படி அறுகிறது என்று பார்க்கலாம். பாடிக்கொண்டு போகிறவன் ஒருவனைத் தொட்டுவிட்டு, ஓட்டத்திலேயே திரும்புகிறான். பாதம் தரையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. உடம்பு மட்டும் திரும்புகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது. 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். யாரும் மேலே விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். முன்பக்கக் குறுக்கு நார் பெரும்பாலும் இப்படி யாரும் மேலே படாமல்தான் அறுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். மெத்தை மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே வராது என்பதும் மெத்தைக் கிழிசலின் அடையாளம்.

வேகப்பந்து வீசுகிறவர்களுக்கும் முட்டிதான் சோதனை. ஓடிவந்து முன்காலை ஊன்றுகிற அந்த ஒரு நொடியில் உடல் எடையின் பல மடங்கு பாரம் அதன் வழியாக ஏறும். சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஐபிஎல் தொடரிலிருந்து பாதியில் விலகி முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, எங்கள் மாவட்டமே தன் வீட்டுப் பிள்ளைக்கு வந்ததுபோல் கவலைப்பட்டது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மெத்தை கிழிய விளையாட்டுகூட வேண்டாம். அது காய்ந்த இலைபோல் ஆகியிருக்கும். கோலம் போட்டுவிட்டுத் திரும்பி எழுவதே போதும். மெத்தையின் வெளி விளிம்புக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. உள்பக்கம் கிழிந்தால் தானாக ஒட்டுவது கஷ்டம்.

கரண்டைக்கால் ஏன் உள்பக்கமே புரள்கிறது?

கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. மழைக்காலத்தில் வழுக்கும். அங்கே போய்விட்டு நொண்டிக்கொண்டு வருகிறவர்களைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "கால் உள்பக்கமா மடங்கிருச்சு" என்பார்கள். வெளிப்பக்கமாக மடங்கியதென்று சொல்பவர் அபூர்வம். உங்கள் கரண்டைக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு மொட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். வெளிமொட்டு உள்மொட்டைவிடக் கீழே இறங்கியிருக்கும். அது ஒரு தடுப்புச் சுவர். பாதம் வெளிப்பக்கம் சாய்வதை அது தடுத்துவிடும். உள்பக்கம் அந்த அளவு தடுப்பு இல்லை.

இன்னொரு காரணம் மூட்டின் வடிவத்தில் இருக்கிறது. பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி அந்த இரண்டு மொட்டுகளுக்கு நடுவிலுள்ள கவட்டைக்குள் இறுக்கமாக உட்காரும். விரல் நுனி கீழே பார்த்தால் குறுகலான பகுதி வந்து, மூட்டு தளர்ந்துபோகும். படியிறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் விரல் நுனிதான் முதலில் கீழே போகிறது. தளர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கல் உருண்டால், வெளிப்பக்கம் முன்னால் இருக்கும் சின்ன நார் முதலில் கிழியும். சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கிழிசல்தான்.

அந்த நாரில்தான் பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு நுனிகளும் இருக்கின்றன. அவையும் சேர்ந்து கெடுவதால், ஒருமுறை புரண்ட கால் மறுபடி மறுபடி புரளும். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை நாங்கள் வற்புறுத்துவது அந்தச் சேதி மறுபடி ஒழுங்காகப் போய்ச் சேரத்தான். சுளுக்கு விழுந்த அன்றைக்கே எண்ணெய் போட்டு இழுத்து உருவுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிழிந்த நாரை மேலும் இழுக்கிறோம். அடிபட்ட உடனேயும் சரி, பிறகும் சரி, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, மொட்டு எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் வலித்தாலோ, எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே வேண்டும்.

வண்டி

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் சரி, ஊருக்குள் ஐந்து ரோட்டிலும் சரி, இருசக்கர வண்டி விழுந்தால் முதலில் அடி வாங்குவது முழங்காலுக்குக் கீழே. கீழ்க்கால் எலும்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் தசையே கிடையாது. அதனால் அங்கே முறிந்தால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது அதிகம். புழுதியும் அழுக்கும் உள்ளே போகும், சீழ் பிடிக்கும், கூடுவதும் தாமதமாகும். தொடை எலும்பு உடம்பிலேயே நீளமானது, பலமானது. அது முறிந்திருந்தால் அடி அவ்வளவு பலம் என்று அர்த்தம். உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் போகலாம், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மொபட்டில் பின்னால் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். புடவைத் தடுப்பு உடைந்திருந்தது, அடுத்த வாரம் மாட்டிக்கொள்ளலாம் என்று மாமா விட்டிருந்தார். குழந்தைக்குத் தூக்கம் வந்திருக்கிறது. கால் ஆடி, குதிகால் கம்பிகளுக்குள் போய்விட்டது. சக்கரம் நின்றதும் பார்த்தால் குதிகாலுக்குப் பின்னால் கட்டை விரல் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் அந்தத் தோல் முழுதும் கறுத்துவிட்டது. கம்பி வெட்டுவதோடு நிற்பதில்லை, நசுக்கவும் செய்கிறது. மேலே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் அடியில் ரத்த ஓட்டமே நின்றிருக்கும். கறுத்ததை வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இன்றைக்கும் அவள் பின்வார் வைத்த செருப்பு போடுவதில்லை. உங்கள் வண்டியில் தடுப்பு இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

உரசி உரசி அறுவது

தைப்பூசத்துக்கு எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். விழவில்லை, இடறவில்லை, ஆனால் நடந்து முடித்த பிறகு முன்பாதத்தின் மேல் வீங்கி, ஓர் இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகும். இந்த நோவை 1855இல் பிரஷ்யப் படையில் இருந்த பிரைத்தாப்ட் என்ற மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களிடம் பார்த்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 40 வருஷம் இருந்தது, அதனால் அது எலும்பு விரிசல் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எலும்பு உயிருள்ளது. புதுப் பாரம் வந்தால் அது தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். ஆனால் வீட்டைப் புதுப்பிக்கிறவர் முதலில் பழைய சுவரை இடிப்பதுபோல, அதுவும் பழைய எலும்பைக் கரைத்துவிட்டுத்தான் புதிதைப் பூசுகிறது. இடித்ததற்கும் பூசுவதற்கும் நடுவிலுள்ள சில வாரங்கள் அது முன்பைவிட நலிந்திருக்கும். அந்த நேரத்தில் ஓட்டத்தைக் கூட்டினால் விரிசல். போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு, 1,500 மீட்டர் ஓட்டத்துக்காகத் திடீரென்று தினமும் மைதானத்தைச் சுற்றும் பையன்களுக்குக் கீழ்க்கால் எலும்பில் வருவது இதுதான். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று கேட்டுவிட்டு மறுநாளே ஓடி, முழுதாக முறித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மூன்று நாலு மாதம் முன்னாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

குதிகால் வலியும் இந்த வகைதான். குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் முள் குத்தியதுபோல் இருக்கும், பத்தடி நடந்தால் குறையும். நாள் முழுக்கக் கடினமான தரையில் நிற்பது, எடை, கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது, தட்டையான மெல்லிய செருப்பு ஆகியவை காரணம். எக்ஸ்ரேயில் குதிகாலில் முள்போல் எலும்பு வளர்ந்திருப்பதைக் காட்டி அதுதான் குத்துகிறது என்பார்கள். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நிற்கும் பெண்களுக்கு இந்த நோவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். நாற்காலி மூலையில் இருந்தால் போதாது, உட்கார விடவும் வேண்டும்.

மக்கிப்போன கயிறு

பாட்டி ராத்திரி பாத்ரூமுக்குப் போனார், வழுக்கினார், இடுப்பு உடைந்தது. எல்லோரும் ஈரத் தரையைக் குற்றம் சொல்வார்கள். அதே தரையில் பேரன் வழுக்கினால் எழுந்து சிரித்துக்கொண்டு போவான். மாதவிடாய் நின்ற முதல் சில வருஷங்களில் பெண்ணின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. வைட்டமின் டி குறைவு, புரதம் போதாத சாப்பாடு, நடமாட்டம் இல்லாமை எல்லாம் சேரும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றால் விழுந்தது சாக்கு, எலும்பு ஏற்கெனவே நலிந்திருக்கிறது. முன்பே மணிக்கட்டு முறிந்ததா என்று கேட்டால், ஐந்தாறு வருஷம் முன்னால் முறிந்ததாகப் பலர் சொல்வார்கள். எச்சரிக்கை அப்போதே வந்துவிட்டது, கட்டுப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 முதல் 50 வயதுக்குள், விழாமலேயே, தொடைக்கவட்டில் வலி என்று வருவார்கள். சம்மணமிட முடியாது, காலை அகட்ட முடியாது. தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மிகவும் மெல்லியவை. அந்த ஓட்டம் நின்றால் எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து, பந்துபோன்ற தலை நசுங்கிவிடும். வருஷக்கணக்கான குடியும் நீண்ட நாள் ஸ்டீராய்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் தனிக் கதை. நரம்பு மரத்துப்போனதால் வலி என்ற காவல்காரனே இல்லை. பாதம் சிவந்து, சூடாக, வீங்கியிருக்கும், ஆனால் வலிக்காது. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஆடியில் அம்மனுக்குப் பூக்குழி இறங்க வேண்டிக்கொண்டவர்கள், பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளுங்கள். பெற்ற தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இங்கே தண்ணீரும் ஒரு காரணம். சேலம், தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேலான தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்தால் பல்லில் கறை மட்டுமல்ல, எலும்பும் நார்களும் இறுகும், வளரும் பிள்ளைகளுக்குக் கால் வளையும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோன கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். எல்லாக் குழந்தையின் வளைந்த காலும் நோயல்ல. இரண்டு வயதுவரை கால் கொஞ்சம் வில்போல் இருப்பதும், மூன்று நாலு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பதும் இயல்பு. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு வயதோடு கூடினாலோதான் காட்ட வேண்டும்.

ஏற்காட்டு அம்மாவிடம் வருவோம். அவருக்குச் சில்லுக்கு அடியில் கொஞ்சம் தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. அவரைப் படியிறங்கச் சொல்லிப் பார்த்தேன், தொடைத் தசை நடுங்கியது. எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்திருக்கிறார். அப்போது இளைத்த தசை மீளவே இல்லை, பறிப்பு தொடங்கியதும் மூட்டையோடு இறங்க ஆரம்பித்துவிட்டார். "அப்ப இனி மலையே ஏறக் கூடாதுங்களா கண்ணு?" என்று கேட்டார். ஏறலாம்மா, இறங்கும்போது மூட்டையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு நடையா எடுத்துட்டுப் போங்க என்றேன். சுவரில் முதுகை வைத்துப் பாதி உட்கார்ந்து எழும் பயிற்சியும், வலி அதிகமான காலுக்கு எதிர்க் கையில் ஒரு கம்பும்.

ஜனவரிக் கடைசியில் வந்தார். கையில் காப்பிச் செடியின் கம்பு, பிடிக்கிற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. குளிர்ந்த காலையில் இன்னும் வலிக்கிறதாம். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்லிவிட்டு, எங்கள் வாசல் படியை ஒரு முறை ஏறி இறங்கிக் காட்டினார்.